கொம்படிக் கண்மாயில் துண்டு பிடித்தவள்

வலையபட்டியைத் தாண்டி மேற்கே பிரிகிற செம்மண் பாதை நேரே கொம்படிக் கண்மாய்க் கரையில் போய் ஏறும். அகல்யா தன் ஸ்கூட்டியை அங்கே ஒரு கருவேல மரத்தடியில் நிறுத்தியபோது மணி பதினொன்றரை. நான்கு நாள் விடாமல் பெய்த ஐப்பசி மழை அன்று காலைதான் வெறித்திருந்தது. ஆறு வருடங்களுக்குப் பிறகு கண்மாய் தளும்பிக்கொண்டு நின்றது.

கேமராவின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள். அவள் பிறந்த ஊர்க் கண்மாய்தான். இருபத்தாறு வயதுவரை அதன் கரையில் அவள் கால் பட்டதில்லை.

கரையிலிருந்து நூறடி தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கல்தூண்கள் எழுந்து நின்றன. தலையில் ஒரு குறுக்குக்கல். குமிழித் தூண் என்பார்கள். அவற்றுக்கு நேர் கீழே, அடியாழத்தில், பழைய மடை இருக்கிறது. அந்தத் தூண்களைத்தான் அவள் படமெடுக்க வந்திருந்தாள்.

மற்ற படக்காரர்கள் காலை வெளிச்சத்துக்கும் அந்தி வெளிச்சத்துக்கும் அலைவார்கள். அகல்யாவுக்கு உச்சி வெயில்தான் வேண்டும். காரணம் அவள் கையிலிருந்த கேமரா. செக்காலை ரோட்டில் அவள் வேலை பார்க்கும் ஸ்டூடியோவின் முதலாளி முருகப்பனுக்கு, சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர் விட்டுப்போன கேமரா அது. கலர் என்பதே அதற்குத் தெரியாது. மற்ற கேமராக்கள் கலரில் எடுத்துவிட்டுப் பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றும். இது பார்க்கும்போதே கறுப்பு வெள்ளையில்தான் பார்க்கும். உலகத்தில் இருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டுமே என்று நம்புகிற கேமரா.

"கல்யாணத்துக்கு ஆகாது, காதுகுத்துக்கு ஆகாது. பட்டுச்சேலையச் சாம்பலாக் காட்டுனா பொண்ணு வீட்டுக்காரவுக அடிக்க வருவாக. நீ வச்சு வெளையாடு" என்று அவளிடமே கொடுத்துவிட்டார் முருகப்பன்.

அவள் விளையாடவில்லை. ஞாயிறுதோறும் குன்றக்குடி மலையையும் பொட்டல்களையும் எடுத்து எடுத்து அதன் குணத்தைப் பழகிவிட்டாள். லென்சின் முன்னால் சிவப்பு ஃபில்டரை மாட்டினால் நீல வானம் கறுத்துப்போகும், செம்மண் வெளுக்கும், இலைகள் இருளும். நடுப்பகல் நடுச்சாமமாகிவிடும். பச்சை ஃபில்டரை மாட்டினால் இலைகள் வெளுத்து மண் கறுக்கும். அதனால் எந்தக் காட்சியையும் நான்கு தடவை எடுப்பது அவள் வழக்கம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. பிறகு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பாள். நிறமுள்ள எதுவும் மாறாமல் இருக்காது. முக்கியமாக மனிதத் தோல். கறுப்போ சிவப்போ, சிவப்பு ஃபில்டரில் எல்லார் தோலும் வெளுக்கும், பச்சையில் எல்லார் தோலும் கறுக்கும்.

முக்காலியை ஊன்றும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. காளிராஜ். ஷட்டர் மடையின் சாவி அவரிடம்தான் இருக்கும். ஊரில் முதல் தண்ணீர் அவர் வயலுக்குத்தான் போகும். தோளில் வெள்ளைத் துண்டு.

"யாரு, ராமு மகளா? துண்ட விட்ட வீட்டுக்குக் கரையில என்ன சோலி?"

"படம் எடுக்க வந்தேன் மாமா."

"ஒங்கப்பன் ஊருல கேட்டுட்டானா, நீயா வந்தியா?"

"கண்மாயி பொதுதானே. யாரக் கேக்கணும்?"

காளிராஜ் சிரித்தார். "வாய் மட்டும் நல்லா இருக்கு. உச்சி வெயில் உருமத்துல தனியா நிக்காத. அம்புட்டுத்தான் சொல்லுவேன். மூச்ச விட்ட வீடு நாங்க. துண்ட விட்ட வீடு நீங்க. யாருக்கு எந்த எடம்னு தெரிஞ்சு நிக்கணும்."

வண்டி ஷட்டர் மடைப் பக்கம் போய்விட்டது. அகல்யாவின் காது மட்டும் சூடாக இருந்தது.

அந்தக் கதை அவளுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட கதை. ஷட்டர் வருவதற்கு முன்னால் கண்மாய் திறக்க ஒரு ஆள் முங்கவேண்டும். குமிழித் தூண்களுக்கு நடுவே மூச்சடக்கி இறங்கி, அடியில் மடையை அடைத்திருக்கும் கல்லைப் பிடுங்கிவிட்டு மேலே வருவார். ஆனால் தண்ணீர் வெளியே வாய்க்காலில் பாய்கிறதா என்று தூணருகே இருப்பவருக்குத் தெரியாது. கரை மறைக்கும். அதற்காகக் கரைமேல் ஒருவர் நிற்பார். முங்குகிறவரின் துண்டைக் கையில் விரித்துப் பிடித்தபடி, இந்தப் பக்கம் கண்மாயையும் அந்தப் பக்கம் வாய்க்காலையும் பார்ப்பார். தண்ணீர் வந்ததும், "தண்ணி வந்துருச்சு, ஏறுங்க" என்று சொல்லவேண்டும். அந்தச் சொல் வராதவரை முங்குகிறவர் மறுபடியும் மறுபடியும் கீழே போவார். கரையேறி அவரே வந்து துண்டை வாங்கிக்கொள்ளும்வரை, பிடித்தவர் அதைக் கீழே வைக்கவோ இன்னொருவர் கையில் கொடுக்கவோ கூடாது.

எண்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் முங்கினவர் காளிராஜின் பூட்டன் வீரணன். துண்டு பிடித்தவர் அகல்யாவின் பூட்டன் சேவுகப்பெருமாள். உச்சி உருமத்தில் முங்கின வீரணன் வெகுநேரம் தலை காட்டவில்லை. சேவுகப்பெருமாள் எதைப் பார்த்தாரோ, துண்டைக் கரையில் போட்டுவிட்டு ஓடிவிட்டார். அவர் ஓடின கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. அதைச் சொல்லக் கரையில் ஆளில்லை. வீரணனின் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து வீரணன் வீட்டுக்கு முதல் தண்ணீர், அகல்யாவின் வீட்டுக்குக் கடைசித் தண்ணீர். அவர்கள் யாரும் கரையேறுவதில்லை. அவர்கள் வீட்டு ஆண்கள் தோளில் துண்டு போடுவதில்லை. அவள் அப்பா இராமு வயலை விற்றுவிட்டுக் காரைக்குடியில் ஆட்டோ ஓட்டப் போனதே, வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தாலும் யாரும் உற்றுப் பார்க்காத ஊர் என்பதால்தான்.

கொம்படிக் கண்மாயைக் கரைமேலேயே நின்று படமெடுத்து, நம் வீட்டு நடுச்சுவரில் மாட்டுவேன். முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மஞ்சள் ஃபில்டரில் முதல் படத்தை எடுத்தாள். வெயிலில் கேமராவின் திரை கண்ணுக்குத் தெரியவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, திரைக்குமேல் கூரை மாதிரி பிடித்தாள். செக்காலையில் இதற்கென்றே வாங்கின சிவப்புத் துணி. நிழலில் படம் தெளிந்தது. தண்ணீர், தூண்கள், மேகம். நன்றாக வந்திருந்தது.

துணியை இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஆரஞ்சு ஃபில்டரை மாட்டினாள். எடுத்தாள். மறுபடி துணியை விரித்துப் பார்த்தாள்.

தூண்களுக்கு நடுவே, தண்ணீர் மட்டத்தில், உருண்டையாக ஏதோ இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். தூண்களுக்கு நடுவே வெறும் தண்ணீர்தான் பளபளத்தது. நீர்க்காகமாக இருக்கும், முங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சிவப்பு ஃபில்டர். எடுத்தாள்.

வானம் கறுத்து, மேகங்கள் வெள்ளை வெளேரென்று எரிந்தன. அவள் கனவு கண்ட படம். அதன் நடுவில், தூண்களுக்கு இடையில், ஒரு தலையும் இரண்டு தோளும் இருந்தன.

அப்போதுதான் கவனித்தாள். கருவேலங்காட்டில் அதுவரை கத்திக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் ஓய்ந்திருந்தன. காற்றும் நின்றிருந்தது. அடிச்சேற்றைக் கிளறினால் வருகிற நத்தை வாடை கரைமேல் ஏறி வந்தது.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. பச்சை ஃபில்டரை மாட்டினாள். எடுத்தாள்.

உருவம் தூண்களை விட்டு வெளியே வந்திருந்தது. நெஞ்சுவரை தெரிந்தது. ஆம்பளை ஆள். தண்ணீரில் ஒரு வட்டம்கூட இல்லை.

படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். கரை மாறியிருந்தது. இலைகள் மாறியிருந்தன. வானம், தண்ணீர், தூணில் படிந்த பாசி, எல்லாமே ஃபில்டருக்கு ஒரு சாயலில் மாறியிருந்தன.

அந்த உடம்பு மட்டும் மாறவில்லை.

சிவப்பில் எந்தச் சாம்பலோ, பச்சையிலும் அதே சாம்பல். நிறம் என்று ஒன்று இருந்தால்தானே மாறும்.

எதற்காக இப்போது, எதற்காக என் பக்கம் என்று நினைத்தவள், தன் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

உச்சி உருமம். கரைமேல். தூண்களைப் பார்த்தபடி. இரண்டு கையிலும் விரித்த துணி.

அது துணியில்லை. துண்டு.

துண்டே நுழையாத வீட்டில் வளர்ந்தவளுக்கு, கடையில் வாங்கும்போது அது கேமராவுக்கு நிழல் பிடிக்கிற துணியாக மட்டுமே தெரிந்திருந்தது.

"ஏய்."

காளிராஜின் குரல். ஷட்டர் மடையிலிருந்து திரும்பி வந்தவர், இருபதடி தள்ளியே வண்டியை நிறுத்திவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"என்ன புள்ள கையில?"

"துண்டு மாமா."

"ஆரு துண்டு?"

"என்னுது."

"தூண்ல ஆள் இருக்கா?"

அவள் தலையசைத்தாள். அவர் கரையின் மறு சரிவில் இரண்டடி இறங்கி நின்றார். குரலைத் தாழ்த்தினார். "போட்டுட்டு ஓடியா. ஒங்க வீட்டுக்குப் பழக்கந்தானே."

பயத்திலும் அவருக்கு அந்தச் சொல் வந்தது. அதுதான் அவளை நிறுத்தியது. கால் அதுவரை ஓடத்தான் தயாராக இருந்தது. இனி ஓடாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"போட மாட்டேன்."

"விளையாட்டில்ல புள்ள. கூடக் கூட்டிட்டுப் போயிரும்."

"போனாப் போறேன். விட்டுட்டு ஓடுன வீடுன்னு நாளைக்கு எம்புள்ளையவும் ஊரு சொல்லக்கூடாது. நீங்க வேணா ஓடுங்க மாமா, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கேமராவுக்கு மட்டும்தான் தெரிந்தது. பத்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வலது கையால் கேமராவை அமைத்துவிட்டு, துண்டை மறுபடி இரண்டு கையிலும் அகல விரித்தாள். இப்போது திரைக்கு நிழலில்லை. குனிந்து தன் தலை நிழலைத் திரைமேல் விழவைத்தாள்.

க்ளிக்.

பாதி தூரம் வந்திருந்தார்.

க்ளிக்.

இடுப்புவரை தண்ணீருக்கு மேலே. ஒல்லியான உடம்பு. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

க்ளிக்.

கரைக்கல்லில் கை வைத்திருந்தார். முகம் தெரிந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

அவர் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

எண்பது வருடமாக.

அகல்யாவின் பயத்துக்குள்ளே வேறொன்று நுழைந்தது. கல்லைப் பிடுங்கிவிட்டு மேலே வந்து, கரையைப் பார்த்து, துண்டுமில்லை சொல்லுமில்லை என்று கண்டு, தண்ணீர் வரவில்லை போல என்று மறுபடி முங்கின ஆள். ஒவ்வொரு உருமத்திலும் வந்து பார்த்துவிட்டு மறுபடி முங்கின ஆள்.

க்ளிக்.

திரை முழுவதும் ஒரே சாம்பல். லென்சுக்கு முன்னால் நெஞ்சு நின்றது.

துண்டு கனத்தது.

மறு நுனியை யாரோ பிடித்திருந்தார்கள். பிடித்த இடத்திலிருந்து ஈரம் ஊறி, சிவப்பு கறுத்துக்கொண்டே அவள் விரல்களை நோக்கி வந்தது. குளிர் இடது கைக்குள் ஏறி எலும்பைத் தொட்டது. துண்டு கண்மாய்ப் பக்கம் இழுபட்டது. ஒரு அடி சரிந்தாள். செருப்பு செம்மண்ணில் வழுக்கியது.

"விட்ரு புள்ள" என்றார் காளிராஜ்.

அவள் விடவில்லை. குதிகாலை மண்ணில் அழுத்தினாள். முன்னால் இருந்த வெறும் வெயிலைப் பார்த்துப் பேசினாள்.

"இங்குட்டுத்தான் இருக்கேன். எங்கயும் போகல. சேவுகப்பெருமாள் வீட்டு ஆளு நான். சொல்லவேண்டியத நான் சொல்றேன், கேட்டுக்கங்க. தண்ணி வந்துருச்சு. அன்னைக்கே வந்துருச்சு. நீங்க கல்லப் பிடுங்கிட்டீக. நெல்லு வெளஞ்சுச்சு, ஊரு தின்னுச்சு. சொல்லத்தான் ஆளில்லாமப் போச்சு. தண்ணி வந்துருச்சு, ஏறுங்க."

இழுப்பு நின்றது.

அவள் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

நீளமான மூச்சு. முடியவே முடியாதது போன்ற மூச்சு. சேறும் பாசியும் பழைய வெற்றிலையும் கலந்த அந்தக் குளிர் அவள் நெற்றி மயிரைப் பின்னால் தள்ளியது. கரைப் புல் அவளைத் தாண்டிச் சரிந்தது. மறு சரிவில் நின்ற காளிராஜின் வெள்ளைத் துண்டு தோளிலிருந்து பறந்து வாய்க்காலில் விழுந்தது.

பிறகு, மெதுவாக, மரியாதையாக, துண்டு அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப்பட்டது.

அவள் விரலை விரித்தாள். துண்டு கீழே விழவில்லை. ஒரு ஆள் தோள் உயரத்தில் ஒரு கணம் மடிந்து தொங்கியது. அடுத்த கணம் அது அங்கே இல்லை. கரையில், அவள் செருப்புத் தடத்துக்கு எதிரே, இரண்டு ஈரப் பாதங்கள் இருந்தன. அவை ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தன.

தவிட்டுக்குருவி ஒன்று கத்தியது.

காளிராஜ் கரையேறி வந்தார். பாதத் தடங்களைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

"படத்துல விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு."

"அழிச்சிரு."

"எதுக்கு?"

"ஊருல ஒரு பேரு இருக்கு. பூட்டன் தண்ணிக்குள்ள இருக்காருன்னுதான் மாசிக்கு மாசி பொங்க வைக்கிறோம். அத நீ…"

"அவரு கீழ கெடக்கிறவரைக்குந்தான் ஒங்களுக்கு மொதத் தண்ணி. அதானே மாமா?"

அவர் கண் வாய்க்காலில் கிடந்த வெள்ளைத் துண்டுக்குப் போனது.

"நீங்க ஒரு நாளாச்சும் துண்டு பிடிச்சு நின்னீகளா? எண்பது வருசமா உங்க வீட்டு ஆளு ஒருத்தரு, ஒரு சொல்லுக்காக முங்கி முங்கி எந்திரிச்சிருக்காரு. எங்க வீட்டயே ஏசிக்கிட்டு இருந்துட்டீக. அழிக்க மாட்டேன்."

முக்காலியை மடக்கித் தோளில் போட்டாள். காளிராஜ் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். வெறும் தோளோடு அவரைப் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள் சிவப்பு ஃபில்டர் படம் சட்டம் போட்டு அவர்கள் வீட்டு நடுச்சுவரில் ஏறியது. கறுத்த வானம், வெள்ளை மேகம், தூண்களுக்கு நடுவே தலையும் தோளும். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பினார்கள். இராமு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ராத்திரி ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது அவர் தோளில் புதுத் துண்டு ஒன்று கிடந்தது.

மறுநாள் ஸ்டூடியோவில் கூட்டமில்லை. ஃபில்டர்களைத் துடைத்துவிட்டு, கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மேசைமேல் தன் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு படம் எடுத்தாள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. கம்ப்யூட்டரில் நான்கையும் வரிசையாகத் திறந்தாள்.

முருகப்பன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "வலது கை சரியா இருக்கு. சிவப்புல வெளுத்திருக்கு, பச்சையில கறுத்திருக்கு. எடது கை என்னம்மா, நாலுலயும் ஒண்ணு போல இருக்கு? எதும் பூசியிருக்கியா?"

"இல்லண்ணே."

"திரும்ப எடு."

திரும்ப எடுத்தாள். வலது கை மாறியது. இடது கை மாறவில்லை. ஒரே சாம்பல்.

அவர் போய் வெளிக்கதவருகே நின்றுகொண்டார். அகல்யா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. கறுத்த விரல்கள், வெளுத்த நகங்கள், கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. துண்டை விடாத கை. அவள் வீட்டில் எண்பது வருடமாக யாருக்கும் இல்லாத கை. அதை அவள் மடியில் ஒளிக்கவில்லை. மேசைமேலேயே, வெளிச்சத்தில், விரித்து வைத்தாள்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. உச்சி உருமம்.

இடது கையின் நடுவிரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, மேசையில் இறங்கியது. நத்தை வாடை அடித்தது.

அகல்யா அதைத் துடைக்கவில்லை.